ஜிம் வழக்கில் நான்காம் பத்தி

முப்பத்திரண்டு ஆண்டுகள் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவன் நான். கடைசி ஒன்பது ஆண்டுகள் சிரஸ்தார். வக்கீல்கள் தாக்கல் செய்கிற மனுக்களைப் புரட்டிப் பார்த்து, குறை கண்டுபிடித்து, ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவது அந்த நாற்காலியின் வேலை. ஸ்டாம்பு ஒரு ரூபாய் குறைவு. எதிர்மனுதாரரின் தகப்பனார் பெயர் இல்லை. மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து விடுபட்டிருக்கிறது. இப்படித் திருப்பி அனுப்பியே திண்டுக்கல்லில் ஒரு வீடு கட்டினேன், ஒரே மகளை எம்.எஸ்ஸி., பி.எட். படிக்கவைத்தேன். லஞ்சம் வாங்காமலா என்று கேட்பவர்கள் வீட்டை வந்து பார்க்கலாம்.

ஓய்வு பெற்ற பிறகு திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாமல் போனதால் நானே எழுத ஆரம்பித்தேன். சிலிண்டரில் எடை குறைகிறதென்று ஒன்று. டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்பதில்லையென்று ஒன்று. வாரம் ஒருமுறை வரவேண்டிய குடிநீர் பதினோராம் நாள் வருவதைக் குறித்துத் தொடர்ச்சியாக ஏழு. தெருவில் எனக்கு 'நோட்டீஸ் சார்' என்று பெயர் விழுந்தது. என் மனைவிக்கு இதில் பெருமை கிடையாது. "ரிட்டையர் ஆன மத்தவுக எல்லாம் வேளாங்கண்ணிக்குப் போறாக. இவுக போஸ்ட் ஆபீசுக்குப் போறாக" என்று பங்குக் கோயிலில் சொல்லிவைத்திருந்தாள்.

செல்போன் எல்லோர் கையிலும் வந்து சேர்ந்த காலம் அது. என் மகளுக்கு இருபத்தேழு வயது, பெண்கள் பள்ளியொன்றில் வேதியியல் ஆசிரியை. மதுரையிலிருந்து ஒரு குடும்பம் அவளைப் பெண் பார்க்க வந்தது. பையன் வங்கியில் வேலை. கேசரி சாப்பிட்டார்கள், எங்கள் பங்குச் சாமியாரைத் தெரியுமென்றார்கள், மரியாதையாகவே பேசிவிட்டுப் போனார்கள். நாலு நாள் கழித்துப் பையனின் தாயார் தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்: "பொண்ணு தங்கமான குணம். கொஞ்சம் இளைச்சா மேக்கொண்டு பேசலாம்." நீதிமன்றத்தில் இதற்கு வாய்தா என்று பெயர். வாய்தா வாங்குகிறவன் வழக்கை நடத்த விரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். மகளுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் முயன்று பார்த்திருக்கிறாள்.

ஒருநாள் மின்கட்டண அட்டையைத் தேடி மேஜை டிராயரைக் குடைந்தபோது ஒரு ரசீது கிடைத்தது. பழனி ரோட்டில் டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் புதிதாகத் திறந்திருந்த ஜிம்மின் ரசீது. சேர்க்கைக் கட்டணம், ஆறு மாதச் சந்தா, மகள் பெயர். கூடவே வாரா வாரம் எடை குறித்த ஓர் அட்டை. இரண்டே வாரம் குறிக்கப்பட்டிருந்தது.

மனைவியைக் கேட்டேன். முதலில் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்குவதில் மும்முரமாக இருந்தவள், பிறகு கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அவ சம்பளத்துல கட்டிருக்கா. லேடீஸுக்குன்னு சாயங்காலம் தனி டைமு, பொம்பள மாஸ்டர்னு சொல்லித்தான் சேத்திருக்கான். ரெண்டாவது வாரமே அந்தப் பிள்ளை கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போயிருச்சாம். அப்புறம் ஆம்பள பொம்பள எல்லாருக்கும் ஒரே டைமு. இவ அந்த ஓடுற மிஷின்ல ஏறுனா ரெண்டு பயலுக பின்னாடி நின்னு சிரிச்சிருக்கானுக."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க நோட்டீஸ் எழுதுவீக." கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்குப் பாத்ரூம்ல குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதா. சத்தம் வெளிய கேக்காதுன்னு நெனச்சிருக்கா. எனக்குத் தெரியும்ங்கிறதே அவளுக்குத் தெரியாது. நீங்க காட்டிக்காதீங்க."

எங்கள் ஊரில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒருத்தி அழுகிறாளென்றால் அந்த அழுகையின் அளவு என்னவென்று இங்கே குடியிருப்பவர்களுக்குப் புரியும். எனக்கும் புரிந்தது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும்: அப்போது என் கண் ரசீதின் அடியில் இருந்த வரியில்தான் நின்றது. 'செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது.' இந்த மாதிரி வரி அச்சடித்தால் மட்டும் சட்டமாகிவிடாது என்று நுகர்வோர் மன்றங்கள் சொல்லிவருவதை நான் படித்து வைத்திருந்தேன். கொடுப்பதாகச் சொன்ன சேவையைக் கொடுக்காதவன், வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. தனி நேரம், பெண் பயிற்சியாளர் என்று சொன்ன விளம்பர நோட்டீஸ்கூட ரசீதோடு பின் குத்தி வைக்கப்பட்டிருந்தது. இவ்வளவு சுத்தமான வழக்கு என் கைக்கு அதுவரை வந்ததில்லை.

மறுநாளே ஜிம்முக்குப் போனேன். உரிமையாளர் முப்பது வயதுக்காரர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம். சட்டையின் கை அவர் புஜத்தைத் தாங்கமாட்டாமல் தவித்தது. குரல் மட்டும் சாதுவாக இருந்தது.

"ஏனுங்க சார், ரசீதுலயே போட்டிருக்கமுங்களே."

"போட்டுட்டா ஆச்சா?"

"மிஷின் வாங்குன கடனே இன்னும் நிக்குதுங்க. ஒண்ணு பண்றனுங்க. வேற லேடி மாஸ்டர் தேடிட்டிருக்கேன். வந்ததும் டீச்சருக்கு ஆறு மாசம் மறுபடி மொதல்ல இருந்து குடுத்துர்றேன்."

"அதெல்லாம் வேண்டாம். நோட்டீஸ் அனுப்புறேன்."

"அனுப்புங்க சார். அட்ரஸ் ரசீதுல இருக்குதுங்க" என்றார். கிண்டலா, உதவியா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். பதினைந்து நாள் கெடு. பதில் வரவில்லை. பிறகு மன்றத்துக்கான மனுவை எழுத உட்கார்ந்தேன். வக்கீல் தேவையில்லை, வெள்ளைத் தாளில் எழுதலாம், இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். இவையெல்லாம் தெரியாமல்தான் ஊரில் பாதிப் பேர் ஏமாந்து போகிறார்கள் என்று மனைவிக்கு விளக்கினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

முதல் மூன்று பத்திகள் எளிது: யார், எப்போது, எவ்வளவு. நான்காவதுதான் மன உளைச்சல். கட்டணத்தைத் திரும்பக் கேட்பதோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் கேட்பது வழக்கம். 'மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானேன்' என்று ஒரே வரியில் எல்லோரும் எழுதுவார்கள். மன்றமும் ஒரே வரியில் தள்ளிவிடும். சம்பவத்தோடு எழுதினால்தான் நிற்கும். ஆகவே சம்பவங்களை எழுதினேன். மதுரைக்காரர்கள் வந்தது. பையனின் தாயார் சொன்ன சொற்கள், மேற்கோள் குறிக்குள். சேர்ந்த அன்று மகளின் எடை, நின்ற அன்று எடை, அட்டையில் உள்ளபடி கிலோக் கணக்கில். ஓடும் மிஷினும், பின்னால் நின்ற சிரிப்பும். கடைசியாக, வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது. நாலைந்து முறை அடித்துத் திருத்தி எழுதிய பத்தி அது. முடித்துவிட்டு வாசித்துப் பார்த்தபோது, முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு பத்தி எந்த வக்கீலிடமிருந்தும் எனக்கு வந்ததில்லை என்று தோன்றியது. அந்தத் திருப்தியை இப்போதும் என்னால் மறைக்க முடியாது, அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வங்கிப் படிவம், ரேஷன் கார்டு, கல்லூரி விண்ணப்பம், எதுவானாலும் கையெழுத்து வேண்டிய இடத்தில் நான் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பேன். மனைவியும் மகளும் குறியைப் பார்த்துக் கையெழுத்திடுவார்கள். யாரும் வாசிப்பதில்லை. அப்பா பார்த்துவிட்டார் என்றால் அதற்குமேல் வாசிக்க என்ன இருக்கிறது? அன்று காலை மகள் பள்ளிக்குக் கிளம்பி, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது ஐந்து செட் தாள்களை வைத்தேன்.

"என்னப்பா இது?"

"ஜிம்முக்காரன்கிட்ட பணத்தைத் திரும்ப வாங்குறதுக்கு."

அவள் முகம் சிவந்தது. அம்மாவைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படி... விட்டுருங்களேன்ப்பா. போனாப் போகுது."

"அது உன் பணம். ஏன் போகணும்? நீ வரக்கூட வேண்டாம். எனக்கு அதிகாரம் குடுத்து ஒரு கடிதம் இருக்கு, அதுலயும் போடு. நான் பாத்துக்கிறேன்."

நின்றபடியே போட்டாள். கடைசிக் கையெழுத்துப் போடும்போது வாசலில் வேன் ஹார்ன் அடித்துவிட்டது.

வழக்கு எண் கிடைத்தது. நான் அவளுடைய பிரதிநிதியாக வாய்தாவுக்கு வாய்தா போய்வந்தேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுவதைக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஓய்வூதியத்தில் அது வருவதில்லை. மூன்றாவது வாய்தாவில் ஜிம்முக்காரரின் வக்கீல் பதிலுரை தாக்கல் செய்தார். ஒன்று, இரண்டு, மூன்று பத்திகளை ஒவ்வொன்றாக மறுத்திருந்தார். நான்காவதற்கு, 'இந்தப் பத்திக்குப் பதில் சொல்ல எதிர்மனுதாரர் விரும்பவில்லை' என்று மட்டும் இருந்தது. குறிப்பாக மறுக்காதது ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்பது பாலபாடம். "இளம் வக்கீல், கோட்டை விட்டுட்டான்" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்தது மகளின் பிரமாண வாக்குமூலம். மனுவில் உள்ளதையெல்லாம் அவள் சத்தியமாகச் சொல்வதாக, நோட்டரி வக்கீல் முன்பு நேரில் கையெழுத்திட வேண்டும். இதற்கு மட்டும் பிரதிநிதி செல்லாது. ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நோட்டரி எனக்குப் பழக்கமானவர். அவருடைய வாக்குமூலங்களை ஒரு காலத்தில் நான் கூடை கூடையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்: 'வாசித்துக் காட்டப்பட்டதாகக் குறிப்பு இல்லை.' அதற்குப் பிறகு அவர் எதையும் வாசித்துக் காட்டாமல் முத்திரை வைப்பதில்லை.

ஒற்றை அறை. தட்டச்சு செய்யும் பெண்கள் இரண்டு பேர். பத்திரத் தாளுக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர். நோட்டரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார். மகள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் பத்தி வந்தது. எடை, கிலோவில், இரண்டு முறை. பையனின் தாயார் சொன்னது. தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

"சார், போதும்" என்றாள் மகள்.

"முழுசும் வாசிக்கணும்மா. ஒரு வரி விட்டாலும் உங்கப்பாவே திருப்பி அனுப்பிருவாரு" என்று நோட்டரி சிரித்துவிட்டு மேலே போனார். குளியலறை வந்தது.

அவள் எழுந்து, அவர் கையிலிருந்து தாள்களை மெதுவாக எடுத்துக்கொண்டாள். "மிச்சத்தை நானே வாசிச்சுக்கிறேன்" என்று சொல்லி வெளியே போய்விட்டாள். பஸ்ஸில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். பின்பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

வீட்டுக்கு வந்து வழக்குத் தாள்கள் முழுவதையும் கேட்டாள். கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் வைத்து, மாணவிகளின் பரீட்சைத் தாளைத் திருத்துகிற மாதிரி, ஒரு மணி நேரம் ஒவ்வொரு பக்கமாக வாசித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"நீங்கதான் சொன்னீங்களா?"

"காட்டிக்காதீங்கன்னுதான்டி சொன்னேன் அந்த மனுசன்கிட்ட" என்று மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"காட்டிக்கலம்மா. டைப் அடிச்சு அஞ்சு காப்பி போட்டிருக்காங்க."

நான் சொன்னேன்: "சம்பவம் இல்லாம மன உளைச்சல்னு எழுதுனா நிக்காதும்மா. ஆதாரம் வேணும்."

"நான் அழுததாப்பா ஆதாரம்?"

தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினாள்.

"இதை இதுவரைக்கும் எத்தனை பேர் வாசிச்சிருப்பாங்க?"

இப்படிப்பட்ட கேள்விக்குக் குத்துமதிப்பாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. எண்ணினேன். மன்றத் தலைவர், உறுப்பினர்கள் இரண்டு பேர், எழுத்தர், எதிர்த்தரப்பு வக்கீல், அவருடைய குமாஸ்தா, ஜிம்முக்காரர், எனக்கு டைப் அடித்துக் கொடுத்தவர், நோட்டரி. "ஒன்பது" என்றேன். இன்று அந்த அறையில் காதால் கேட்ட மூன்று பேரைச் சேர்க்கவில்லை.

"மதுரைக்காரங்க சொன்னது தரகருக்கும் நமக்கும்தான் தெரியும். நீங்க ஊருக்கே சொல்லிட்டீங்க." அவள் குரல் உயரவேயில்லை; வகுப்பில் நிற்கிறவள் போல நிதானமாக இருந்தது. பதிலுரையின் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் தள்ளினாள். "இதைப் பாருங்க. எதிர்த்தரப்பு ஆளு. என்ன வேணா எழுதியிருக்கலாம். நாலாவது பத்தியை அவங்க தொடக்கூட இல்லப்பா. உங்களுக்குத்தான் தோணல."

வக்கீல் கோட்டை விட்டதாக நான் பல மாதம் சிரித்த வரி அது. திரும்ப வாசித்தேன். அதே சொற்கள்தான். வேறாக இருந்தன.

"வாபஸ் வாங்கிரலாமா?" என்று கேட்டேன். என் வாழ்நாளில் நான் யாருக்கும் சொல்லாத யோசனை.

"எதுக்கு? நான் கட்டுன பணம், சொன்னதைச் செய்யல. அது எனக்கு வேணும். அந்தப் பத்தி மட்டும் இருக்கக்கூடாது. அதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க. எழுதுறது நானே எழுதிக்கிறேன்."

சொன்னேன். நான்கே வரியில் எழுதினாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குக் காட்டியது குறை பார்க்க அல்ல, அதில் போடவேண்டிய தேதியைக் கேட்க.

அடுத்த வாய்தாவுக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவளே வந்தாள். எண்ணைக் கூப்பிட்டதும் நானும் பழக்கதோஷத்தில் எழுந்தேன். தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி, என்னைப் பார்த்துக் கையமர்த்தினார். "மனுதாரரே வந்திருக்காங்களே. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"அய்யா, மனுவுல நாலாவது பத்தியை நீக்கணும். மன உளைச்சலுக்குக் கேட்ட இழப்பீடும் வேண்டாம். கட்டுன கட்டணம் மட்டும் திரும்ப வேணும்" என்றாள்.

"காரணம்?"

"அது இந்த வழக்குக்குத் தேவையில்லாதது."

தலைவர் மனுவைப் புரட்டி, "நாலாவது பத்தி... அப்படி என்ன..." என்று முணுமுணுத்தபடி வாசிக்கப் போனார். பக்கத்தில் இருந்த பெண் உறுப்பினர் தாளின் மேல் கையை வைத்தார். "வாசிக்க வேணாம்னுதானே கேக்குறாங்க" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. தலைவர் நிமிர்ந்து எதிர்த்தரப்பைப் பார்த்தார். "ஆட்சேபணை இல்லை" என்று வக்கீல் உடனே சொன்னார்.

எழுத்தர் ஸ்கேலை வைத்து அந்தப் பத்தியின் மேல் கோடுகள் போட்டார், வரிக்கு ஒன்று. ஓரத்தில் தலைவர் சுருக்கொப்பமிட்டார். என் பெஞ்சிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அடித்தல் என்றால் அப்படித்தான் அடிக்கவேண்டும்: அடித்தது வாசிக்கும்படி இருக்கவேண்டும். மை கொட்டி மறைத்ததையும் பிளேடால் சுரண்டியதையும் ஏற்கக்கூடாது என்று எனக்குக் கீழே வேலை பார்த்த எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான். அடியில் என்ன இருந்தது என்பது யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரியவேண்டும் என்பதுதான் காரணம்.

வெளியே படிக்கட்டில் ஜிம்முக்காரர் நின்றிருந்தார். எனக்கு வணக்கம் வைத்துவிட்டு மகளிடம், "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பத்தியைப் பத்தி மட்டும் ஒண்ணும் எழுத வேண்டாம்னு வக்கீல்கிட்டச் சொல்லிட்டனுங்க. மத்தபடி கேஸு கேஸுதானுங்க" என்றார்.

"தெரியும்" என்றாள். "நன்றி."

நான்காம் பத்தி இல்லாத புது வாக்குமூலத்தில் அவள் கையெழுத்திட்டாள். ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. சேவைக் குறைபாடு நிரூபணம். ரசீதில் அச்சடித்த வரி செல்லாது. சேர்க்கைக் கட்டணம் முழுவதும், சந்தாவில் மிச்ச மாதங்களுக்கு உரியதும் திருப்பித் தரப்படவேண்டும். மேல்முறையீட்டுக்குப் போகாமல் ஜிம்முக்காரர் வரைவோலை அனுப்பிவிட்டார். தெருவில் இரண்டு பேர் என் கையைக் குலுக்கினார்கள். ஒருவர் தன் மகன் சேர்ந்த கம்ப்யூட்டர் சென்டரின் ரசீதை எடுத்துக்கொண்டு வந்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உத்தரவின் சான்று நகல் தபாலில் வந்த அன்று சாயங்காலம் மகள் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். வழக்கின் சுருக்கத்தில் நான்காம் பத்தி பற்றி ஒரு சொல்கூட இல்லை. தலைவர் அந்த அளவுக்கு நல்லவர். இரண்டாவது தடவையும் வாசித்துவிட்டு, தாளை மடித்தபடி கேட்டாள்.

"அப்ப அந்தப் பத்தி இனிமே எங்கயும் இல்லைல்லப்பா?"

மூல மனு மன்றத்தின் பதிவறையில் இருக்கும். முடிந்த வழக்குகளின் கட்டுகளைக் காலக்கெடு முடிந்தபின் அழிக்கவேண்டும் என்று விதி உண்டு. அழிக்க ஆள் இல்லாமல் அவை அப்படியே கிடப்பதும் உண்டு. எதிர்த்தரப்புக்கு நானே பதிவுத் தபாலில் அனுப்பிய பிரதி வக்கீலின் அலமாரியில் இருக்கும். அதில் கோடுகூட இல்லை. விண்ணப்பித்தால் யாரும் நகல் வாங்கலாம். எந்தப் படிவத்தில் என்பதும் எனக்குத் தெரியும். கேட்டது வேறு யாராக இருந்தாலும் இத்தனையும் வரிசையாகச் சொல்லியிருப்பேன்.

"இல்லம்மா" என்றேன். "கிழிச்சுப் போட்டுட்டாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருடம் பொய் சொல்லிப் பழகாதவன் முகத்தில் என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. "சரிப்பா" என்று சொல்லி, மடித்த தாளை என்னிடம் கொடுக்காமல் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.